எங்கள் காசுக்கு யார் போட்ட பூட்டு?

சம்பள நாளான 10ஆம் திகதியை அண்டிய நாட்களில் அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, நுவரெலியா நகரங்களில் ஏ.டி.எம். இயந்திரங்களுக்கு முன்னால் நிற்கும் வரிசையைப் பார்த்துவிட்டு, "தோட்டத்து ஆட்களுக்குச் சேமிக்கத் தெரியாது, காசு விழுந்த அன்றே எல்லாவற்றையும் உருவிவிடுகிறார்கள்" என்று பேசுவோர் இருக்கிறார்கள். வங்கிக்காரர் பேசுகிறார், துரைமார் பேசுகிறார்கள். நம் லயத்திலே பிறந்து படித்து உத்தியோகத்துக்குப் போன பிள்ளைகளில் சிலரும் இப்போது பேசத் தொடங்கியிருக்கிறார்கள். இந்தப் பேச்சை நாம் ஏற்கவில்லை. ஏன் என்பதைக் கணக்குப் போட்டே காட்டுகிறோம்.

இப்போது சம்பள நேரத்தில் சேமிப்புக் கணக்கு திறக்கச் சொல்லித் தோட்டங்களுக்கு வருகிறார்கள். வரட்டும், அதில் குற்றமில்லை. படிவத்தை நிரப்பி, கைநாட்டோ கையெழுத்தோ வாங்கி, ஒரு குடையோ தண்ணீர்ப் போத்தலோ கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதை யாரும் வாசித்துச் சொல்வதில்லை. சாதாரண சேமிப்புக் கணக்கைவிடக் கூடுதல் வட்டி என்று சொல்லி விற்கப்படும் கணக்குகள் பலவற்றில் ஒரு நிபந்தனை இருக்கும்: மாதத்துக்கு இத்தனை தடவைக்கு மேல் பணம் எடுத்தால் அந்த மாதத்துக்குக் கூடுதல் வட்டி கிடையாது. சிலவற்றில் ஒரு தடவை எடுத்தாலே கிடையாது. சிலவற்றில் மீதி ஒரு தொகைக்குக் கீழே போனால் கட்டணம் வெட்டுவார்கள். வேறு வங்கியின் இயந்திரத்தில் எடுத்தால் ஒவ்வொரு தடவையும் தனிக் கட்டணம். இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் "மீளப்பெறல் வரம்பு" என்கிறோம். பெயர் பெரிதாக இருக்கிறது. விஷயம் இவ்வளவுதான்: உன் காசை நீ அடிக்கடி தொட்டால் உனக்குத் தண்டம்.

அந்தத் தண்டம் எவ்வளவு? உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு தொழிலாளியின் கணக்கில் 60,000 ரூபாய் இருக்கிறது என்று வைப்போம். சாதாரண வட்டி வருடத்துக்கு 3 சதவீதம், நிபந்தனையைக் காப்பாற்றினால் மேலதிகமாக 1 சதவீதம் என்று வைப்போம். அந்த 1 சதவீதம் வருடத்துக்கு 600 ரூபாய், மாதத்துக்கு 50 ரூபாய். வரம்பை மீறி எடுத்தால் இழப்பது இந்த 50 ரூபாயைத்தான். வங்கி நமக்குக் காட்டும் கணக்கு இத்தோடு முடிந்துவிடும்.

நம்முடைய கணக்கு அத்தோடு முடியாது. வேலை நாளில் டவுனுக்குப் போக வேண்டுமென்றால் அன்றைய பேர் போகிறது. 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த அடிப்படைச் சம்பளத்தின்படி ஒரு பேர் 1,350 ரூபாயாக இருந்தது. பஸ் காசும், பாதி வழிக்கு ஆட்டோ பிடிக்க வேண்டிய தோட்டம் என்றால் ஆட்டோ காசும் தனி. பஸ்ஸையும் ஆட்டோவையும் விட்டுவிடுவோம், அந்த ஒரு பேரை மட்டும் எடுத்துக்கொள்வோம். மாதம் 50 ரூபாய் என்ற கூடுதல் வட்டியை 27 மாதம் சேர்த்தால்தான் அந்த 1,350 ரூபாய் வரும். இரண்டே கால் வருடம்! அப்படியிருக்க, மாதத்தில் மூன்று நாள் பேரைத் தொலைத்து மூன்று தடவை கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பவர்தான் புத்திசாலியா? ஒரே நாளில், ஒரே பயணத்தில், மாவுக்கும் அரிசிக்கும் கடைக் கடனுக்கும் பிள்ளையின் வகுப்புக் காசுக்கும் சேர்த்து எடுத்து வருபவர் புத்தி கெட்டவரா? வரிசையில் நிற்பவருக்குக் கணக்குத் தெரியும். அவரைப் பார்த்துச் சிரிப்பவருக்குத்தான் தெரியவில்லை.

மாதத்துக்கு இத்தனை தடவைதான் என்ற இந்த எண் வானத்திலிருந்து விழுந்ததல்ல. அமெரிக்காவில் நீண்ட காலமாகச் சேமிப்புக் கணக்கிலிருந்து சில வகையான பணமாற்றங்களை மாதத்துக்கு 6 தடவைக்கு மேல் செய்ய விடக்கூடாது என்று அந்நாட்டு மத்திய வங்கியே விதி வைத்திருந்தது. சேமிப்புக் கணக்கையும் நடைமுறைக் கணக்கையும் பிரித்துக் காட்ட வேண்டும், வங்கிகள் ஒதுக்கி வைக்க வேண்டிய காசு அதைப் பொறுத்தது என்று காரணம் சொன்னார்கள். 2020இல் கொரோனா வந்தது. மார்ச்சில் அந்த ஒதுக்கு விகிதத்தைப் பூச்சியமாக்கினார்கள். ஏப்ரலில் 6 தடவை விதியையும் தூக்கிவிட்டார்கள். மக்களுக்கு அவசரமாகக் காசு தேவை என்று அப்போது புரிந்ததாம். நமக்கோ ஒவ்வொரு மாதமும் 20ஆம் திகதிக்குப் பிறகு கொரோனாதான்.

இந்தியாவில் வேறு மாதிரி. ஏழைகளுக்கான அடிப்படைச் சேமிப்புக் கணக்கில், மாதத்துக்குக் குறைந்தது 4 தடவை கட்டணமில்லாமல் பணம் எடுக்க விட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. குறைந்த மீதி வைத்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் கப்பலேற்றப்பட்டு, கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்று கொழுந்து பறிக்கும் நம் உறவுகளும் அந்தக் கணக்கைத் திறக்கலாம். அந்த 4 போதாது என்பது வேறு கதை. ஆனால் அது வங்கி கொடுத்தே ஆக வேண்டிய குறைந்தபட்சம். இங்கே நமக்கு விற்கும் கணக்கில் எழுதியிருப்பது, நாம் தாண்டக்கூடாத அதிகபட்சம்.

அதே இந்தியாவில்தான் 2016 நவம்பர் 8ஆம் திகதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து, வங்கியில் கிடக்கும் சொந்தப் பணத்தையே வாரத்துக்கு 24,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று வரம்பு போட்டார்கள். அசாம் தேயிலைத் தோட்டங்களில் அதுவரை சம்பளம் கையில் காசாகத்தான் கொடுக்கப்பட்டது. கொடுக்க நோட்டு இல்லை. கடைசியில் தோட்ட நிர்வாகங்கள் மாவட்ட ஆட்சியரின் கணக்கில் பணத்தைப் போட்டு, அதன் வழியாகச் சம்பளக் காசை எடுக்க ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. சேமிப்புக் கணக்குகளுக்கான வரம்பு முழுதாக நீங்க 2017 மார்ச் ஆனது. காசு வங்கியில் இருக்கிறது என்பதும், தேவைப்படும் நாளில் கைக்கு வரும் என்பதும் இரண்டு வேறு சங்கதிகள் என்று அந்த நான்கு மாதங்களில் அங்குள்ள தொழிலாளர்கள் கற்றுக்கொண்டார்கள்.

நாம் அதை முன்பே கற்றவர்கள். நம் முப்பாட்டன்மார் காலத்தில் துண்டு முறை இருந்தது. பெரிய கங்காணியின் கணக்கில் எவ்வளவு கடன் என்று ஒரு கடதாசியில் எழுதப்பட்டிருக்கும். அதைத் தீர்க்காமல் தோட்டம் மாற முடியாது. 1921இல் அதை ஒழித்தார்கள். அப்போதும் நம் கணக்கை எழுதியவர் வேறொருவர். வாசிக்கத் தெரிந்தவரும் வேறொருவர்.

இந்த இடத்தில் நம் மாதர் அணிச் சகோதரிகள் ஒரு கேள்வி கேட்பார்கள், அது நியாயமான கேள்வி. "வீட்டில் இருந்தால் சாராயக் கடைக்குப் போய்விடும். எடுக்க முடியாத கணக்கில் கிடந்தால்தானே மகளின் கல்யாணத்துக்கு மிஞ்சும்?" என்பார்கள். மனைவியின் சம்பளத்தையும் கணவனே கையெழுத்துப் போட்டு வாங்கிய காலம் ஒன்று தோட்டங்களில் இருந்தது. தன் பெயரில், தன் கையில் ஒரு புத்தகம் வந்ததே பெண்களுக்குப் பெரிய வெற்றி. ஆகவே பூட்டே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பூட்டை யார் போடுகிறார்கள், சாவி யாரிடம் என்பதுதான் பிரச்சினை. சீட்டுப் பிடிக்கும் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து தங்களுக்குத் தாங்களே பூட்டுப் போட்டுக்கொள்கிறார்கள். ஆனாலும் ஒருத்தியின் பிள்ளைக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்றால், முறையை மாற்றி அவளுக்கு முதலில் எடுத்துக் கொடுக்கிறார்கள். எந்த வங்கியின் படிவத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறது?

பிள்ளைகளின் கணக்கு என்று தனியாக விற்கிறார்களே, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைக்கு 18 வயது ஆகும் வரை அந்தப் பணத்தைச் சாதாரணமாக எடுக்க முடியாது. உண்டியலையும் பொம்மையையும் கண்டு கணக்குத் திறந்துவிட்டு, சாதாரண தரப் பரீட்சை நேரத்தில் புத்தகக் காசுக்கு வங்கிக்கு ஓடி வெறுங்கையோடு திரும்புவோர் இருக்கிறார்கள். பிள்ளைக்கு நீண்ட காலச் சேமிப்பு வேண்டும் என்றால் அது நல்ல கணக்கு. இடையில் தேவைப்படும் காசுக்கு அது கணக்கல்ல.

எடுக்க முடியாதபோது என்ன நடக்கிறது? தோடும் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போகின்றன. சேமிப்புக்கு வங்கி நமக்குத் தரும் வட்டியையும், அடகுக்கு அதே வங்கி நம்மிடம் வாங்கும் வட்டியையும் ஒரு தடவை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் காசு அவர்களிடம் குறைந்த வட்டிக்குக் கிடக்க, அதே நேரத்தில் நாம் அவர்களிடமே கூடிய வட்டிக்குக் கடன் வாங்குகிறோம். கடன் கொடுத்தவரிடம் ஏ.டி.எம். அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் ஈடாகக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். தோழர்களே, இதை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள். அட்டை போனால் சம்பளமே அவர் கைக்குப் போகிறது.

இதுவரை சொன்னது சின்னப் பூட்டு. பெரிய பூட்டு ஈ.பி.எப்.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி நம் சம்பளத்தில் 8 சதவீதம் வெட்டப்படுகிறது, கம்பனி 12 சதவீதம் போட வேண்டும். ஈ.டி.எப். என்பது 1980ஆம் ஆண்டின் சட்டம், அதற்குக் கம்பனி மட்டும் 3 சதவீதம் போட வேண்டும். ஒரு தோட்டத் தொழிலாளியின் வாழ்நாளில் சேரும் மிகப் பெரிய சேமிப்பு இதுதான். இதை எடுக்க ஆண்களுக்கு 55 வயது, பெண்களுக்கு 50 வயது ஆக வேண்டும். இல்லாவிட்டால் நிரந்தரமாக வேலை செய்ய முடியாத நிலை, கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண்கள், நிரந்தரமாக நாட்டை விட்டுப் போவது போன்ற சில காரணங்கள் வேண்டும். ஈ.டி.எப். பணத்தை வேலையை விட்டால் எடுக்கலாம், ஆனால் 5 வருடத்துக்கு ஒரு தடவைதான்.

வயதுக் கட்டுப்பாட்டை நாம் எதிர்க்கவில்லை. முதுமைக்கு என்று ஒதுக்கிய காசு முதுமைக்கு இருக்கட்டும். ஆனால் இடையில் எடுக்க ஒரு வாசல் திறந்தார்களே, 2012ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், அந்த வாசலின் உயரத்தைப் பாருங்கள். மீதியில் 30 சதவீதத்தை வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ எடுக்கலாம். அதற்குப் பத்து வருட அங்கத்துவம் வேண்டும், கணக்கில் குறைந்தது 300,000 ரூபாய் இருக்க வேண்டும்.

2016 ஒக்டோபர் கூட்டு ஒப்பந்தத்தை ஞாபகப்படுத்துகிறோம். நாட்சம்பளம் 730 என்று பேசினார்கள். அதில் அடிப்படை 500 மட்டும்தான், ஈ.பி.எப். அந்த 500க்கு மட்டும்தான். மாதம் 18 பேர் போட்டவருக்கு 9,000 ரூபாய்க்கு 20 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் சேரும். அந்த அளவில் பத்து வருடம் ஓடினாலும் வட்டி நீங்கலாக 216,000தான். அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்கி, கொடுப்பனவு என்று வேறு பெயர் சூட்டியதன் விலையை நாம் அந்த மாதத்தில் மட்டும் கொடுக்கவில்லை. 300,000 என்ற படியில் கால் வைக்க முடியாமல் நிற்கும்போது மறுபடியும் கொடுக்கிறோம். உற்பத்தித்திறன் கொடுப்பனவு, வரவுக் கொடுப்பனவு என்று இனி யார் மேசைக்கு வந்தாலும், "அதற்கு ஈ.பி.எப். உண்டா?" என்பதே நம் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

சரி, 300,000 இருக்கிறது என்றே வைப்போம். வீடு கட்டவோ திருத்தவோ எடுக்கலாம் என்றால், வீடும் காணியும் தன்னுடையது என்று காட்ட உறுதி வேண்டும். லயத்துக்கு உறுதி ஏது? வெள்ளைக்காரன் கட்டிய லயன் காம்பரா கம்பனியின் குத்தகைக் காணியில் நிற்கிறது, காணி அரசாங்கத்தினுடையது. 7 பேர்ச்சில் புது வீடு கிடைத்தவர்களிலும் உறுதி கைக்கு வராதவர்கள் பலர். கூரைத் தகரம் ஒழுகுகிறது, தன் பெயரில் லட்சக்கணக்கில் காசு இருக்கிறது, அந்தக் காசில் தகரம் வாங்க முடியாது. கொழும்பில் உட்கார்ந்து இந்த நிபந்தனையை எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதியிருக்க மாட்டார்கள். காணி இல்லாத ஒன்றரை லட்சம் பேர் இந்த நாட்டில் கொழுந்து பறிக்கிறார்களா, ரப்பர் வெட்டுகிறார்களா என்று அவர்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

நமக்கு இத்தனை பூட்டு. அரசாங்கத்துக்கு? இந்த நிதியின் பெரும்பகுதி, பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல், அரசாங்கத்தின் பிணையங்களில் கிடக்கிறது. நாம் எடுக்க முடியாத காசை அரசாங்கம் கடனாக எடுத்துக்கொள்கிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்துக்கு ஏறியது. ரொட்டி மாவு வாங்க முடியாமல் நாம் தவித்த அந்த வருடத்துக்கு ஈ.பி.எப். கொடுத்த வட்டி 9 சதவீதம். மறு வருடம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்றார்கள். பிணையங்களை மாற்றிக்கொள்ளாத ஓய்வூதிய நிதிகளுக்கு 14 சதவீத வரி 30 சதவீதமாகும் என்று சட்டம் போட்டார்கள். தொழிலாளியின் நிதி மாற்றிக்கொண்டது. நம்மிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. ஒரு குடைகூடக் கொடுக்கவில்லை.

அரச முகாமையில் உள்ள தோட்டங்களின் கதை இன்னும் மோசம். மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் எல்கடுவை பெருந்தோட்டக் கம்பனியும் தொழிலாளரின் ஈ.பி.எப்., ஈ.டி.எப். காசைக் கட்டாமல் வருடக் கணக்கில் நிலுவை வைத்தது பாராளுமன்றம் வரை போன விஷயம். சம்பளத்தில் வெட்டியாயிற்று, நிதிக்குப் போய்ச் சேரவில்லை. இங்கே மீளப்பெறல் வரம்பு பூச்சியம்.

ஆகவே நம் கோரிக்கைகள் வெளிப்படையானவை. சேமிப்புக் கணக்கு திறக்கும் எந்த வங்கியும் எத்தனை தடவை எடுக்கலாம், மீறினால் எவ்வளவு போகும், குறைந்த மீதி எவ்வளவு என்ற மூன்றையும் தமிழில், பெரிய எழுத்தில், ரூபாய்க் கணக்கில் எழுதிக் கொடுத்த பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். இது புதுக் கோரிக்கையல்ல. மத்திய வங்கியின் 2023ஆம் ஆண்டின் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வங்கிகள் தகவலை மறைக்காமல், விளங்கும்படி கொடுக்க வேண்டும் என்றே சொல்கின்றன. சம்பளம் விழும் கணக்குக்கு எடுக்கும் தடவை வரம்பும் குறைந்த மீதிக் கட்டணமும் கூடாது. சம்பளத்தை வங்கியில் போடும் கம்பனி, சம்பள வாரத்தில் ஏ.டி.எம். வண்டியைத் தோட்டத்துக்கே வரவழைக்க வேண்டும், இல்லாவிட்டால் டவுனுக்குப் போகும் அரை நாளுக்குப் பேர் போட வேண்டும். 30 சதவீத மீளப்பெறலில் லயத்திலும் உறுதியில்லாத 7 பேர்ச் வீட்டிலும் இருப்பவர்களுக்கு, உறுதிக்குப் பதிலாகக் கிராம சேவகரும் தோட்ட நிர்வாகமும் கொடுக்கும் வதிவிடச் சான்றை ஏற்க வேண்டும். 300,000 என்ற படியையும் தோட்டச் சம்பளத்துக்கு ஏற்றபடி இறக்க வேண்டும்.

இவை கிடைக்கும் வரை நாமே செய்யக்கூடியவை சில. வீட்டிலுள்ள எல்லாப் பாஸ் புத்தகங்களையும் எடுத்துப் பாருங்கள், செத்துப்போன அப்பா அம்மாவுடையதையும் சேர்த்து. பத்து வருடம் தொடாத கணக்கின் பணம் மத்திய வங்கிக்குப் போய்விடும். போனாலும் உரியவர்கள் வங்கி மூலமாகக் கேட்டு வாங்கலாம். அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர், ஈ.பி.எப்.இல் இன்னொரு பெயர் என்று இருந்தால் இப்போதே திருத்துங்கள். முத்துலெட்சுமி ஒரு இடத்தில் லெட்சுமியாக இருந்ததற்காக 50 வயதுக்குப் பிறகு மாதக் கணக்கில் தொழில் காரியாலயத்துக்கு அலைய வேண்டாம். சேமிப்புக்கு ஒரு கணக்கும் சம்பளத்துக்கு வேறொரு கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள், வரம்பு உள்ள கணக்கில் சம்பளத்தைப் போட விடாதீர்கள். வங்கி நியாயமில்லாமல் காசு வெட்டினால் முதலில் அந்தக் கிளையிலேயே எழுத்தில் முறையிடுங்கள், பதில் இல்லை என்றால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

புத்தகத்தில் இருப்பது விளங்காதவர்கள் பாஸ் புத்தகத்தையும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் ஈ.பி.எப். மீதிக் கூற்றையும் தோட்டத் தலைவரிடம் காட்டுங்கள். தலைவர்மார் அவற்றைப் பிரதி எடுத்து மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்ப வேண்டும். எந்த வங்கி, எந்தக் கணக்கு, எத்தனை தடவை வரம்பு, எவ்வளவு வெட்டு என்று தோட்டம் தோட்டமாகத் திரட்டிக்கொண்டுதான் நாம் வங்கிகளிடமும் தொழில் அமைச்சிடமும் போகப் போகிறோம்.